பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய்

சொல்லிவிடு. டேப்பின் நுனி சுவரைத் தொடுவதற்குள் சொல்லிவிடு. இரண்டே விஷயம்தான். ஒன்று, இந்த அறையில் எனக்கு இன்னொரு மேஜை வேண்டாம். மற்றொன்று, திங்கட்கிழமை போன பார்சல். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்ல முடியுமா என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன், முடியவில்லை. என் வீட்டுக்காரர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். தரையில் முட்டி போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு என் சுவரை அளக்கிறார். வாயில் ஏதோ ஒரு பழைய மெட்டு. அது முடியட்டும். முடிந்ததும் சொல்லிவிடுகிறேன்.

— நாலடி ரெண்டங்குலம். என் மேஜை நாலடி. எனக்காகவே கட்டின சுவர் மாதிரி இருக்கேம்மா.

— அங்க அலமாரி இருக்குங்க.

— அலமாரி ஹாலுக்குப் போகுது. அதெல்லாம் நேத்தே யோசிச்சாச்சு. சிஸ்டம். முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் சூப்பிரண்டா இருந்தவன் ஒரு அலமாரிக்கு இடம் பார்க்க மாட்டானா?

— அதுல என் அச்செல்லாம் இருக்கு. வெயில் படக் கூடாது.

— நம்ம ஹால்ல எங்க வெயில்? பட்டப்பகல்ல லைட்டைப் போட்டாத்தான் ஆளு தெரியும். போன தடவை உங்க அக்கா சோபான்னு நினைச்சு என் மடியில உக்காரப் பார்த்தாங்க.

— அவளுக்குக் கண்ணுல புரை. அதுக்குத்தானே ஆபரேஷனுக்குக் கூட இருந்துட்டு வந்தேன்.

— இருந்துட்டு வந்தியே, அந்த அஞ்சு நாளைத்தான் சொல்றேன். அந்த அஞ்சு நாள்லதான் எனக்குப் புத்தி வந்துச்சு. பன்னிரண்டு வருஷமா நான் ஒன்பதுக்குப் போனா ஆறுக்கு வருவேன். நீ பின்ரூம்ல ஏதோ பொம்மைச் சாமான் பண்றேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ரிட்டையராகி உள்ள வந்து பார்த்தாத்தானே தெரியுது, இது ஒரு தொழிற்சாலைன்னு.

— தொழிற்சாலை எல்லாம் இல்லீங்க. இருபது, முப்பது. யாருக்கு எது வேணுமோ அது.

— அதைத்தான் சொல்றேன். நெல்லு மணி சைஸுல கதவுக் கைப்பிடி முப்பது. மிளகு சைஸுல விளக்கு மூடி பதினெட்டு. எங்கேயோ ஒருத்தரோட பொம்மை வீட்டுல குழாய் உடைஞ்சா உனக்கு எழுதிக் கேக்கறாங்க, நீ ஒரு வாரத்துல குழாய் அனுப்பறே. எங்க ஆபீஸ்ல நிஜக் குழாய் உடைஞ்சு நாலு மாசம் எழுதிக் கேட்டோம். வரவே இல்லை.

— பல் கட்டுற லேப்ல பழகின கைதானே. அங்க வாய்க்கு, இங்க வீட்டுக்கு.

— பார்த்தியா, எவ்வளவு அழகா சொல்றே. இதையெல்லாம் யார்கிட்ட சொல்லுவே இத்தனை நாள்? சுவத்துக்கிட்டதானே. இனிமே நான் எதிர்ல இருப்பேன். நீ அந்தப் பக்கம் ஒரிஜினலைச் செதுக்கு. நான் இந்தப் பக்கம் அச்சுல ஊத்தறேன். பேசிக்கிட்டே வேலை.

— பேசிக்கிட்டேயா.

— பின்னே? கல்யாணமாகி முப்பது வருஷம். பேசாம விட்டது எவ்வளவு கிடக்கு.

— ரெசின் கலக்கறப்ப பேசினா கை தவறிடும்ங்க. மூணு நிமிஷம்தான். அதுக்குள்ள ஊத்தலைன்னா கப்புலேயே இறுகிடும்.

— அந்த மூணு நிமிஷம் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

— ம்.

— ஏன் சிரிக்கறே?

— ஒண்ணுமில்லை. மூணு நிமிஷம்னு நினைச்சுப் பார்த்தேன்.

— நக்கலு. சரி, அந்தச் சின்ன ஜன்னல் கம்பியைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கியே, அதை வைக்கற டப்பா எதுன்னு சொல்லு, எடுத்துத் தரேன். எல்லா டப்பாவுக்கும் நான் நம்பர் போட்டிருக்கேன்.

— அதான் எது எங்க இருக்குன்னு தெரியாம மூணு நாளா தேடறேன். ஜன்னல் எந்த நம்பருங்க?

— அது லிஸ்ட்ல இருக்கும்.

— லிஸ்ட் எங்க?

— பதினாலாம் நம்பர் டப்பாவுல.

— பதினாலு எங்க?

— அது... இரு. இங்கதான் வச்சேன். சிஸ்டம் புதுசு. கொஞ்ச நாள் ஆகும் பிடிபட.

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஒன்பதரைக்கு இந்தக் கதவைச் சாத்தினால், ஒரு மணி வரைக்கும் நான் யாருக்கும் யாருமில்லை. யாருடைய மனைவியும் இல்லை, தங்கையும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சின் காலைச் செதுக்கும்போது எனக்குப் பெயர்கூட இருப்பதில்லை. அந்த மூன்றரை மணி நேரம் இருந்ததால்தான் மீதி நாள் முழுக்க எல்லோருக்கும் நல்லவளாக இருக்க முடிந்தது. இதைச் சொன்னால் 'என்மேல் கோபமா' என்பார். கோபமில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் மேஜை உள்ளே வந்துவிடும்.

— என்னம்மா யோசனை?

— ஒண்ணுமில்லீங்க.

— என் முதல் பேட்ச் எப்படி இருந்துச்சுன்னு நீ இன்னும் வாயைத் திறக்கலை. பார்சல் போயே மூணு நாளாச்சு.

— நல்லா வந்திருந்துச்சு. குமிழியே இல்லை.

— ஒண்ணுகூட?

— ஒண்ணுகூட.

— சும்மா சொல்லலையே?

— இல்லீங்க. எனக்கே இருபத்துநாலுல ரெண்டு, மூணு குமிழி விழும். உங்களுக்கு விழலை.

— எல்லாம் உன் நோட்டு. அதுல எழுதியிருந்தபடி ஒரு எழுத்து மாத்தாம செஞ்சேன். நீ அவசரமா கிளம்பிட்டே. ஆபரேஷன் தேதியை முன்னாடி இழுத்துட்டாங்க, பாவம் நீ என்ன பண்ணுவே. மாடியில பொம்மை ரயில்வே ஸ்டேஷன் கட்டறாரே, அந்த ரயில் சாருக்குத் திங்கக்கிழமை அனுப்பறேன்னு வாக்கு குடுத்திருக்கே. இருபத்துநாலு பெஞ்சு. பழைய அச்சைப் பார்த்தா ஓரமெல்லாம் பிய்ஞ்சிருக்கு. 'முப்பதுக்கு மேல் ஊற்றாதே'ன்னு நீயே சிவப்புல எழுதி வச்சிருக்கே. சரி, புது அச்சே எடுத்துடுவோம்னு துணிஞ்சுட்டேன்.

— ம்.

— உன் ஒரிஜினல் பெஞ்சை எடுத்து பலகையில ஒட்டினேன். கட்டைவிரல் நகம் நீளம்கூட இல்லை. சுத்தி நாலு பக்கமும் அட்டை வேலி. சிலிக்கானை ஒரு மூலையிலேருந்து நூல் மாதிரி ஊத்தினேன். எட்டு மணி நேரம் பக்கத்துலேயே போகலை. மறுநாள் உரிச்சு எடுத்தா, ரப்பர் கட்டிக்குள்ள பெஞ்சு வடிவத்துல ஒரு குழி. அந்தக் குழியில ரெசினை ஊத்து, அரை மணி நேரம் காத்திரு, எடு. மறுபடி ஊத்து. சனிக்கிழமை சாயங்காலம் இருபத்துநாலாவதை எடுத்தப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சும்மா. ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷத்துல நான் ஒரு குண்டூசி செஞ்சதில்லை. வந்ததை எண்ணினேன், போனதை எண்ணினேன். அவ்வளவுதான்.

— தெரியும்ங்க.

— அதான் ஆசை. போன் அடிக்குது பாரு. உன்னுது.

— யாருன்னு பாருங்க, என் கையெல்லாம் தூசி.

— ரயில் சார். பெஞ்சு பார்த்திருப்பாரு. ஸ்பீக்கர்ல போடறேன்.

— வேண்டாங்க, வைங்க, நான் அப்புறமா தனியா பேசிக்கறேன்.

— இதுல தனியா என்ன? வணக்கம் சார், நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன். அம்மா பக்கத்துலதான் இருக்காங்க, கேட்டுக்கிட்டு இருக்காங்க.

— வணக்கம். ஆக, பார்சல் நேத்து சாயங்காலம் வந்து சேர்ந்தது.

— சார், ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். இந்தத் தடவை பெஞ்சு ஊத்தினது நான். குறை இருந்தா என்னைத்தான் திட்டணும், அவங்களை இல்லை.

— குறையா? ஆக, அது நீங்கதானா. பெட்டியைத் திறந்து முதல் பெஞ்சைக் கையில எடுத்தேன். எடுத்தவன் அப்படியே நின்னுட்டேன்.

— ஏன் சார்?

— பெஞ்சுக்கு அடியில நாய் படுத்திருக்கு.

— நாயா சார்?

— இடது பக்கம், பின்காலுக்குப் பக்கத்துல. தலையை முன்னாடி நீட்டி, உடம்பைச் சுருட்டிக்கிட்டு. வெயில் தாங்காம ஒதுங்கின நாய் எப்படிப் படுக்குமோ அச்சு அசலா அப்படி. ஒண்ணுல மட்டும்தான் இருக்கும்னு நினைச்சேன். அடுத்ததை எடுத்தேன், அதுலயும். ஆக மொத்தம் இருபத்துநாலு பெஞ்சு, இருபத்துநாலு நாய்.

— ஆமா சார். நாய். அது வந்து, என்னன்னா, ஒரு சின்ன...

— விளக்காதீங்க. விளக்கினா போயிரும். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாரா எல்லாத்தையும் விளக்கிக் கெடுத்தவன் சொல்றேன். மாடியில இந்த ரயில்வே ஸ்டேஷனை நான் கட்ட ஆரம்பிச்சு எத்தனை வருஷம்? என் வீட்டம்மா ஒரு நாள் மாடிப்படி ஏறினதில்லை. நேத்து ஒரு நாயைக் கொண்டுபோய்க் காட்டினேன். இன்னைக்குக் காலையில எழுந்து பார்க்கறேன், எனக்கு முன்னாடி மாடியில உக்காந்து நாய்க்கு வர்ணம் அடிச்சுக்கிட்டு இருக்கா.

— அப்படியா சார். ரொம்ப சந்தோஷம்.

— சந்தோஷம்தான். என் நாற்காலியிலதான் உக்காந்திருக்கா. என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு. ஒன்பது நாய் முடிஞ்சுது. மிச்சம் பதினஞ்சு முடியறவரைக்கும் நான் கீழே இருக்கணுமாம், மேல மூச்சுக்காத்து பட்டா தூரிகை ஆடுதாம். ஆக, இப்ப கீழேயிருந்துதான் பேசறேன். அம்மா, கேக்குதா?

— கேக்குதுங்க சார்.

— பன்னிரண்டு வருஷத்துல நீங்க அனுப்பினதுல ஒரு கோடு பிசகினதில்லை. எண்பத்தேழுல ஒரு பங்குன்னா சரியா எண்பத்தேழுல ஒரு பங்கு. ஆனா என் ஸ்டேஷன்ல யாரோ இருக்காங்கன்னு நேத்துதான் முதல் தடவையா தோணுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க.

— இல்லைங்க சார். சரியாத்தான் சொல்றீங்க.

— ஆக, ரெண்டாவது பிளாட்பாரத்துக்கு நாற்பது பெஞ்சு வேணும். நாயோட. அவசரமில்லை. வச்சிடறேன், மேலேயிருந்து டீ கேக்கறா.

— வணக்கம் சார். வச்சுட்டாரு. ஏம்மா.

— ம்.

— நாய் எங்கேருந்து வந்துச்சு?

— அச்சைப் பாருங்க.

— சத்தியமா நான் நாய் எதுவும் செய்யலை. அச்சு எங்க?

— மேல் தட்டுல மூணாவது டப்பா. நீங்க போட்ட நம்பர் ஒன்பது.

— இதோ. அந்த லென்ஸைக் குடு. இதைக் கட்டிக்கறதா, மாட்டிக்கறதா?

— தலையில மாட்டி, கண்ணுக்குமேல இறக்குங்க. இல்லீங்க, திருப்பி மாட்டியிருக்கீங்க.

— அடேயப்பா. என் கைரேகையே வாய்க்கால் மாதிரி தெரியுது. நகத்தை வெட்டணும். சரி, அச்சு. இது உக்காரற இடம். இது கால், இது கால், இது கால். இந்தக் காலுக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு. மூணு உருண்டையா. ஒண்ணு சின்னது, நடுவுல ரொம்பச் சின்னது, அப்புறம் ஒண்ணு பெரிசு. இது என்னம்மா, இடுப்பெல்லாம் இருக்கு?

— எறும்பு.

— எறும்பா?

— கட்டெறும்பு. ஒரிஜினல் பெஞ்சோட பின்காலுல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நீங்க சிலிக்கான் ஊத்தறப்ப உள்ள மாட்டிக்கிச்சு. உரிச்சப்ப எறும்பு வந்துருச்சு, எறும்போட குழி நின்னுருச்சு. ஒவ்வொரு தடவை ரெசின் ஊத்தறப்பவும் பெஞ்சோட சேர்ந்து அதுவும் நிறைஞ்சிருக்கு. காலெல்லாம் மெலிசு, ரெசின் போகலை. தலையும் உடம்பும் மட்டும் வந்திருக்கு.

— அதான் சுருண்டு படுத்த நாய்.

— ஆறு மில்லிமீட்டர் எறும்பு. எண்பத்தேழால பெருக்குங்க.

— அரை மீட்டர். கணக்கு வாத்தியாரே ஏமாந்துட்டாரேம்மா. ஐயோ, வயிறு வலிக்குது. பாவம் அந்தம்மா, கீழே புருஷனை உக்கார வச்சுட்டு கட்டெறும்புக்குப் பழுப்பு வர்ணம் அடிச்சுக்கிட்டு இருக்காங்க.

— சிரிச்சது போதும், லென்ஸைக் கழட்டுங்க. தலை சுத்தும்.

— ஆனா எறும்பு இங்க எப்படி வந்துச்சு? பன்னிரண்டு வருஷத்துல இந்த ரூம்ல எறும்பையே நீ பார்த்ததில்லைன்னு சொல்லுவியே.

— பன்னிரண்டு வருஷத்துல இந்த ரூமுக்குள்ள டீ வந்ததில்லை.

— ஓ.

— ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ. பலகையில வட்டமா கறை இருக்கு. நீங்க கப்பை வச்ச இடம்.

— அதுவா. அது ஒரே ஒரு கப்தான். எட்டு மணி நேரம் காத்திருக்கணுமேன்னு. சரி சரி, நோட்டுல அது எழுதலை. 'டீ கூடாது'ன்னு எங்கேயும் எழுதலை.

— எனக்கு நானே அதை எழுத வேண்டிய அவசியம் வரலீங்க.

— தப்புதான். உன் பேரையே கெடுத்திருப்பேன். அந்த மனுஷன் நல்லவரா இருக்கப்போய் நாய்னு சொன்னாரு. வேற யாராவது இருந்தா எறும்புன்னு சொல்லி மூஞ்சியில எறிஞ்சிருப்பாங்க. ஆனாலும் பாரும்மா, அச்சைத் தொட்டுக்கூடப் பார்க்காம அங்கேயிருந்தே எறும்புன்னு சொன்னே பாரு, கட்டெறும்புன்னு வேற. அனுபவம்னா இதான்.

— ம்.

— நாற்பது. நாயோட. என் முதல் சாமானுக்கே மறு ஆர்டர். இனிமே யோசனையே இல்லை. இன்னைக்கே அலமாரியை நகர்த்தறேன், நாளைக்கு மேஜை. ஒரு நிமிஷம்.

— என்னங்க?

— இருபத்துநாலையும் பார்சல் கட்டினது நீதானே?

— ம்.

— ஞாயித்துக்கிழமை வந்தே. திங்கக்கிழமை காலையில நீதான் உக்காந்து கட்டினே. லென்ஸை மாட்டி ஒவ்வொண்ணா திருப்பிப் பார்த்துட்டுத்தான் நீ பஞ்சு வைப்பே. நோட்டுலயும் அதான் இருக்கு, 'அடிப்பக்கம் பார்'னு.

— ஆமா.

— இருபத்துநாலுல ஒண்ணுகூடவா உன் கண்ணுல படலை?

— என்னங்க பண்றீங்க, விடுங்க.

— இரு, வெளிச்சத்துக்கு வா. என்னைப் பாரு. இது எத்தனை விரல்?

— விளையாடாதீங்க.

— நான் விளையாடலைம்மா. உங்க அக்காவுக்கும் இந்த வயசுலதானே ஆரம்பிச்சுது? முதல்ல சின்னது தெரியாது. அப்புறம் சோபா எது மடி எதுன்னு தெரியாது. இதைப் போய் என்கிட்ட மறைப்பாங்களா? எத்தனை நாளா இப்படி?

— அப்படியெல்லாம் இல்லை.

— பயப்படாதே. புரைன்னா பத்து நிமிஷ ஆபரேஷன், நீயே கூட இருந்து பார்த்துட்டு வந்திருக்கே. நாளைக்குக் காலையில முதல் ஆளா டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும் நீ ஒண்ணையும் தேய்க்க வேண்டாம், செதுக்க வேண்டாம். இனிமே உன் கண்ணு நான்தான். நீ உக்காந்து சொல்லு. நான் பார்க்கறேன், நான் ஊத்தறேன், நான் கட்டறேன். மேஜை உனக்கு நேர் எதிர்ல இருக்கணும்னு எனக்குள்ள ஏதோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எதுக்குன்னு இப்ப புரியுது.

கண் கலங்கியிருக்கிறது, என்னுடையது இல்லை, அவருடையது. ஆமாம், மங்கலாகத்தான் தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பார்சல் விஷயம் மறைந்துவிடும். அறையும் போய்விடும். இந்த வீட்டில் தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன், கண் எரிகிறது, தூக்கம் வருகிறது என்று சொல்லிச் சாத்திக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லி ஒரு நாளும் சாத்தியதில்லை. சாத்திய கதவெல்லாம் பொய்யால் சாத்தியவை. கடைசிப் பொய்தான் பஞ்சு வைத்துக் கட்டிப் போனது.

— என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க.

— எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க.

— முதல் பெஞ்சைத் திருப்பினப்பவே பார்த்தேன். இடது பக்கம் பின்காலு. தலை எந்தப் பக்கம், வயிறு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுது. ரெண்டாவதைத் திருப்பினேன். அப்புறம் இருபத்துநாலையும் திருப்பினேன்.

— பார்த்தியா?

— அதனாலதான் அச்சைப் பார்க்காமலே சொன்னேன். அனுபவம் இல்லை. திங்கக்கிழமையே எல்லாத்தையும் பார்த்தாச்சு. அச்சையும் பார்த்தேன், டீக்கறையையும் பார்த்தேன்.

— பார்த்துட்டா கட்டினே?

— பார்த்துட்டுத்தான் பஞ்சு வச்சுக் கட்டினேன்.

— நீயா? ஒரு கதவுக் கைப்பிடியில புள்ளி இருந்தா மொத்தத்தையும் தூக்கிப் போடறவ நீ.

— நான்தான்.

— ஏம்மா?

— திரும்பி வரும்னு நினைச்சேன். கணக்கு வாத்தியார், தப்பு பொறுக்க மாட்டாரு, நல்லா நாலு வார்த்தை கேட்டுத் திருப்பி அனுப்புவாருன்னு நினைச்சேன். உங்களுக்கு மனசு விட்டுப்போகும், இந்த வேலை நமக்கு வேண்டாம்னு நீங்களே டேப்பைச் சுருட்டி வச்சிருவீங்கன்னு.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— அந்த ஒரு வார்த்தைதான் வரலை. வாயால சொல்ல முடியாம எறும்பை அனுப்பினேன்.

— எறும்பை அனுப்பினே.

— ஆமா. அதுவும் போன இடத்துல நாயாயிருச்சு.

— சிரிக்க வைக்காதே. நான் இப்ப வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கேன்.

— படுங்க. படவேண்டியதுதான். நானும் மூணு நாளா படறேன்.

— ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. நான் செஞ்சது பிடிக்கலையா, நான் இருக்கறது பிடிக்கலையா?

— நீங்க ஊத்தினது என்னைவிடச் சுத்தமா வந்திருந்துச்சு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு இன்னும் பயமாப் போச்சு. மோசமா வந்திருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பேன்.

— அப்ப நான்.

— உங்க மேல கோபமே இல்லீங்க. சாயங்காலம் உக்காந்து பேசுங்க, முப்பது வருஷத்துதும் பேசுங்க, நான் கேக்கறேன். ஒன்பதரையிலேருந்து ஒண்ணு வரைக்கும் இந்தக் கதவுக்கு உள்ள நான் மட்டும் இருக்கணும். எனக்கு அது வேணும். இதுக்குக் காரணம் கேட்டா என்கிட்ட சொல்லத் தெரியலை. இத்தனை நாள் நீங்க ஆபீஸ் போயிட்டிருந்தீங்க, அதனால கேக்காமலே கிடைச்சுது.

— ஒன்பதரையிலேருந்து ஒண்ணு.

— ம்.

— எழுதிக்கறேன். சிஸ்டம்.

— சிஸ்டம்தான்.

— அப்ப ரயில் சார் கேட்ட நாற்பது நாய்?

— நான் போன் பண்ணி அது எறும்புன்னு சொல்லிடறேன். பார்த்துட்டுத்தான் அனுப்பினேன்னும் சொல்லிடறேன். அப்புறமும் கேட்டார்னா நீங்க ஊத்துங்க. இந்த அச்சு முப்பதுக்கு மேல தாங்காது, நாய் பெஞ்சு ஒண்ணை வச்சே இன்னொரு அச்சு எடுத்துக்கலாம். அச்சு உங்களுது, எறும்பும் உங்களுது. பின் வராந்தாவுல நல்லா காத்து வரும், ரெசின் வாடை தங்காது. கிழக்குச் சுவர் ஓரமா உங்க மேஜை உக்காரும். அஞ்சடி மூணங்குலம் இருக்கு.

— உனக்கு எப்படித் தெரியும்?

— நேத்து நீங்க தூங்கினப்ப அளந்தேன்.

— என் டேப்பாலயா?

— உங்க டேப்பாலதான். டீயும் அங்க குடிச்சுக்கலாம்.

— எல்லாத்தையும் யோசிச்சு வச்சுட்டுத்தான் ஜன்னலைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தியா? சரி. எனக்கு இது ஜீரணமாக ரெண்டு நாள் ஆகும். அந்தம்மா அங்க மாடியேறிட்டாங்க, இங்க என்னைக் கீழே இறக்கறே. பரவாயில்லை. எதுக்கும் கடைசியா ஒண்ணு கேட்டுடறேன், அப்புறம் கேக்க மாட்டேன்.

— கேளுங்க.

— மேஜை இல்லை. மேஜையை மறந்துடு. வாயைத் திறக்க மாட்டேன், டீ கொண்டுவர மாட்டேன். அந்த ஓரத்துல, கதவுக்குப் பின்னாடி, ஒரே ஒரு ஸ்டூல். போட்டுக்கட்டுமா?

— வேண்டாங்க.